சிறு அறைக்கேற்ற சூழொலிபெருக்கிகள்

திரைப்படக் கொட்டகைகளில் மட்டுமே கேட்கக்கூடியதாயிருந்த சூழொலி இன்று சாதாரணக் குடும்பங்களின் கூடத்திற்கும் வந்துவிட்டது. 1940-ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் ‘ஃபாண்டேசியா’ என்னும் படத்திற்காகக் கொட்டகையில் பல ஒலிபெருக்கிகளை அமைத்தனர். 1992-இல் டால்பி டிஜிட்டல் முறை திரையரங்குகளை அடைந்தது. இம்முறையின் வழிவந்ததே வீடுகளில் ‘5.1’ என வழங்கும் அமைப்பு. திரையை ஒட்டி மூன்று ஒலிபெருக்கிகள், கேட்போரின் இரு பக்கங்களிலும் இரண்டு, தாழ்ந்த ஒலிகளுக்கென ‘சப்வூஃபர்’ என்னும் தனிப்பெட்டி ஒன்று, ஆக ஆறு சாதனங்கள் இதில் அடங்கும். பக்கங்களில் வைக்கப்படும் இரண்டையும் கடைக்காரர் ‘சரவுண்டு ஸ்பீக்கர்’ என்பார். இங்கு அவற்றைச் சூழொலிபெருக்கிகள் எனக் குறிப்போம். சொல் சற்று நீளமாயினும் பொருள் தெளிவு.

படத்தில் வரும் உரையாடல் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியிலிருந்தே எழுகிறது. சூழொலிபெருக்கிகளுக்குரியவை மழை, கூட்டத்தின் ஆரவாரம், தலைக்குப் பின்னே செல்லும் ஊர்தியின் ஓசை போன்றவை. ஆகவே, கையிலுள்ள தொகையை ஐந்திற்கும் சமமாகப் பகிர்வது பொருத்தமன்று. பேச்சு தெளிவாக விளங்கவேண்டுமாயின் நடு ஒலிபெருக்கிக்கே செலவிடல்வேண்டும். சிக்கனம் செய்யத்தக்க இடம் பக்கங்களே.

இதற்குக் கணக்கும் துணைநிற்கிறது. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட அறையொன்றைக் கொள்வோம். நடுவில் அமர்பவருக்கும் பக்கச் சுவருக்கும் இடைத்தூரம் 5 அடி, அதாவது சுமார் ஒன்றரை மீட்டர். ஒரு வாட் மின்திறனில் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் ஒலி தரும் சிறு பெட்டி, இத்தூரத்தில் ஏறத்தாழ 82 டெசிபெல் தரும். 10 வாட் செலுத்தினால் 92 ஆகும். சாதாரண உரையாடல் 60 டெசிபெல் அளவினது என்பதை நோக்குமிடத்து, இதற்குமேல் ஒலி வேண்டுவோர் அண்டை வீட்டாரைப்பற்றியும் சிந்திக்கவேண்டியவராவர். ஆனால் 83 டெசிபெல் மட்டுமே தரும் பெட்டியை வாங்கின், அதே ஒலிக்கு இருமடங்கு மின்திறன் தேவைப்படும். விவரச்சீட்டில் முதலில் பார்க்கவேண்டிய எண் இதுவே. பெட்டியின்மீது பெரிதாக அச்சிடப்படும் ‘பி.எம்.பி.ஓ.’ வாட் எண்களைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. தொடர்ந்து இயங்கும்போது தரக்கூடிய ‘ஆர்.எம்.எஸ்.’ வாட் எவ்வளவு என்று கேட்பதே முறை.

பெட்டி சிறிதாயிருக்கலாம் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் உணர்வதில்லை. அவ்வொலிகளைச் சப்வூஃபரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு ஒலியைப் பிரித்தளிக்கும் ‘ரிசீவர்’ என்னும் கருவியிலேயே உள்ளது. எனவே 4 அங்குலக் கூம்புடைய பெட்டி போதுமானது. 3 அங்குலக் கூம்பாயின், ஒப்படைக்கும் எல்லையை 100 அல்லது 120 ஹெர்ட்ஸாக உயர்த்தி அமைக்கலாம்.

விலையைவிட முக்கியமானது வைக்குமிடம். திரையை நேரே நோக்கும் கோட்டிலிருந்து 110 பாகை, அதாவது காதுகளின் கோட்டிற்குச் சற்றுப் பின்னால், என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பத்துப் பாகை முன்பின் ஆகலாம். நம் சிறு வீடுகளில் சோபா பின்சுவரை ஒட்டியே கிடப்பதால் பின்னால் இடமிராது. அப்பொழுது நேர்ப்பக்கங்களில் வைப்பதே சாலும். ஏழு ஒலிபெருக்கிகள் கொண்ட அமைப்பு இத்தகைய அறைக்கு வீண்செலவு.

சோபாவின் ஓரத்தில் அமர்பவருக்கு ஓர் இடர் உண்டு. அருகிலுள்ள பெட்டி அவருக்கு 2 அடியிலும், மற்றது 8 அடியிலும் இருக்கும். சுவர்களின் எதிரொலியை விடுத்துக் கணக்கிட்டால் இரண்டிற்குமிடையே 12 டெசிபெல் வேறுபாடு ஏற்படும். பெட்டிகளைக் காது மட்டத்திற்கு 2 அடி மேலே உயர்த்தினால் அவ்வேறுபாடு ஏறத்தாழ 9 டெசிபெலாகக் குறையும். உயர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை.

தூரம் மற்றொரு வகையிலும் செவியை ஏமாற்றும். ஒரே ஒலி இரண்டிடங்களிலிருந்து சில மில்லிவிநாடி இடைவெளியில் வந்தால், முந்தி வந்த திசையையே செவி ஏற்கிறது என ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மன் அறிஞர் 1949-இல் ஆய்ந்து காட்டினார். ஒரு மில்லிவிநாடியில் ஒலி சுமார் 34 சென்டிமீட்டர் செல்லும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம்: இரு ஒலிபெருக்கிகளில் ஒரே பேச்சை ஒலிக்கச்செய்து, மாணவனைக் கண்ணைக் கட்டி நடுவில் நிறுத்துக, இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்ததும், தொலைவிலுள்ள பெட்டி பேசுவதை நிறுத்திவிட்டதென்றே அவன் கூறுவான். இதன்பொருட்டே ஒவ்வொரு பெட்டியின் தூரத்தையும் நாடாவால் அளந்து ரிசீவரில் குறிக்கவேண்டும்; அருகிலுள்ளதன் ஒலியை அது உரிய அளவு தாமதித்து அனுப்பும்.

அடிக்கடி மாற்றலாகும் களப்பணியாளர்கள் வாடகை வீட்டின் சுவரைத் துளையிடுவதைவிடத் தாங்கிகளை வாங்குவது நலம். கம்பிக்கு மிகுந்த விலை கொடுக்கவேண்டாம். வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 10 மீட்டர் தூரம் சென்று திரும்பினாலும் அதன் மின்தடை கால் ஓம் அளவே. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இது பொருட்டன்று.

பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைப்பின் வாங்கலாம். ஆயின் கூம்பின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். நுரைப்பொருளாலான விளிம்பு நம் நாட்டுப் புழுக்கத்தில் நாளடைவில் உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும். முனைகளின் குறி அழிந்திருப்பின், ரிசீவருடன் இணைக்குமுன், 1.5 வோல்ட் டார்ச்சு மின்கலத்தைக் கணநேரம் தொடுத்துப் பார்க்கலாம்; கூம்பு முன்னோக்கி நகருமாயின் மின்கலத்தின் நேர்முனை பட்ட முனையே நேர்முனை எனக் கொள்க.