பாறையைப் படித்த பேராசிரியை



எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்தால் பாறைகளை நிறையப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதுமே கிரானைட் கல்லுக்குப் பெயர் பெற்றது. கல் உடைப்பவர்கள் பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு வைத்து அடிப்பார்கள். அந்த வரிசையிலேயே பாறை பிளந்துவிடும். எவ்வளவு கடினமான பாறையானாலும், விரிசல் ஓடும் இடத்தில் அதன் பலம் குறைந்துவிடும்.

பாறை எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே பிளக்கும், எப்போது சரியும் என்று ஆராயும் படிப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் பாறை இயக்கவியல்.

இந்தத் துறையில் பெயர் பெற்றவர் பேராசிரியை மாதவி லதா. ஆந்திரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சிவில் என்ஜினீயரிங் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். எங்களுக்கு ஓசூரைத் தாண்டியதும் வரும் பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியை ஆனார்.

காஷ்மீருக்கு ரயில் விட வேண்டுமானால் செனாப் ஆற்றின் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். அதற்காகத் திட்டமிட்ட வளைவுப் பாலத்தின் உயரம் எவ்வளவு தெரியுமா? ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர்! பாரிஸ் நகரின் ஈபிள் கோபுரத்தைவிட உயரம். நீளம் 1,315 மீட்டர்.

இந்த வளைவின் பாரத்தை எல்லாம் இரு கரையிலும் உள்ள மலைச்சரிவுகள்தான் தாங்க வேண்டும். அந்தப் பாறையிலோ ஏராளமான விரிசல்கள். நிலநடுக்கம் வரும் பகுதி வேறு. சரிவு நழுவினால் பாலத்தின் கதி என்ன? பயணிகளின் கதி என்ன?

சரிவைக் காக்க வழி சொல்லும் பொறுப்பு மாதவி லதாவிடம் வந்தது. தோண்டத் தோண்ட, முன்பு எதிர்பாராத பிளவுகளும் பொந்துகளும் தென்பட்டன. பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்காமல், பாறை காட்டியதைப் பார்த்து மறுபடி மறுபடி கணக்குப் போட்டார். துளையிட்டு நீண்ட இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, சிமெண்டுக் குழம்பை ஊற்றிச் சரிவைப் பலப்படுத்தினார்கள். இந்தப் பணியில் அவர் செலவிட்டது 17 ஆண்டுகள்!

2025 ஜூன் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது. நாடே அவரைப் பாராட்டியது. அவரோ, இதில் உழைத்த ஆயிரக்கணக்கானவர்களில் தானும் ஒருத்தி என்று அடக்கமாகச் சொல்லிவிட்டார்.

நீங்களும் இந்தத் துறைக்கு வரலாம். கணக்கையும் இயற்பியலையும் விரும்பிப் படியுங்கள். அடுத்த முறை ஒரு பாறையைப் பார்த்தால், தள்ளி நின்று அதன் விரிசல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எங்கே நீர் கசிகிறது என்று நோட்டில் வரைந்து பாருங்கள். குவாரிப் பள்ளத்தின் பக்கம் மட்டும் போகவே கூடாது, சரிதானே?