வீட்டுக்கே வரும் மனநலக் குழு

வீட்டில் ஒருவர் மூன்று நாளாகத் தூங்கவில்லை. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறார். சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். நம் ஊரில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடி, கோயிலுக்குப் போகலாம் என்று பொய் சொல்லிக் காரில் ஏற்றி, மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நோய் தணிந்த பிறகும் அந்தப் பொய்யைப் பலர் மன்னிப்பதில்லை.

மருத்துவமனையை நோயாளியிடம் அனுப்பினால் என்ன என்று 1970களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் லியோனார்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் ஆகிய இருவரும் யோசித்தார்கள். மெண்டோட்டா மனநல மருத்துவமனையின் வார்டு ஊழியர்களை ஊருக்குள் அனுப்பி, நோயாளிகளை அவரவர் இருப்பிடத்திலேயே கவனிக்கச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜான் ஹோல்ட் அதையே செய்து பார்த்தார். பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அரசு 2000-ஆம் ஆண்டின் சுகாதாரத் திட்டத்தில், இங்கிலாந்து முழுவதும் 335 நெருக்கடிக் குழுக்கள் வேண்டும் என்று இலக்கு வைத்தது.

குழுவில் மனநல நர்ஸ்கள், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் இருப்பார்கள். அழைப்பு வந்தால் கூடுமானவரை அன்றைக்கே வீட்டுக்கு வருவார்கள். கடுமையான நாட்களில் இரண்டு மூன்று முறைகூட வந்து போவார்கள். வந்ததும் நோய்க்குப் பெயர் சூட்டுவதில்லை. ராத்திரி தூக்கம் உண்டா, என்ன சாப்பிட்டார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வாடகை பாக்கியா, வேலையில் தகராறா என்று விசாரிப்பதில் தொடங்குவார்கள். மொத்த மாத்திரையையும் கையில் கொடுத்தால் ஆபத்து என்று தோன்றினால், அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொண்டுவந்து, எதிரில் உட்கார்ந்து விழுங்கச் சொல்வார்கள். வீட்டுக்காரரிடம் பேசுவதோ, அரசு உதவித்தொகைக்கான படிவத்தை நிரப்புவதோ அவர்கள் வேலைதான். சில வாரங்களில் நிலைமை தணிந்ததும் வழக்கமான சிகிச்சைக் குழுவிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. யாரையும் வார்டில் சேர்ப்பதற்கு முன்னால், வீட்டில் வைத்தே சமாளிக்க முடியுமா என்று இந்தக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். என் கணக்கில் திட்டத்தின் உயிர்நாடி இதுதான். இல்லாவிட்டால் படுக்கை காலியாகும்போதெல்லாம் யாரையாவது அதில் படுக்க வைத்துவிடுவோம்.

பலன் இருந்ததா? லண்டனின் வடக்கு இஸ்லிங்டனில் 260 பேரிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. எட்டு வாரத்துக்குள் வார்டில் சேர்க்கப்பட்டவர்கள் வழக்கமான சிகிச்சையில் 59 சதவீதம். நெருக்கடிக் குழு கவனித்தவர்களில் 22 சதவீதம். ஆனால் சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்கப்படுவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆக, மருத்துவமனைகளை இழுத்து மூடுவதற்கான சாக்கு அல்ல இது.

ஆபத்தும் இருக்கிறது. வார்டில் இருப்பவர்களைவிட இந்தக் குழுக்களின் கவனிப்பில் இருப்பவர்களிடையே தற்கொலைகள் எண்ணிக்கையில் அதிகம் என்று இங்கிலாந்தின் தேசிய ஆய்வு பிற்பாடு காட்டியது. அப்படி இறந்தவர்களில் கணிசமானோர் தனியாக வசித்தவர்கள். வீட்டில் துணையில்லாதவரை வீட்டிலேயே விடுவது சிகிச்சையாகாது. வீடே பிரச்சினையாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் நெருக்கடி இல்லங்கள் வந்தன. லண்டனின் டிரேட்டன் பார்க் இல்லம் 1995-இல் பெண்களுக்கென்றே திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்கலாம். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கவலையிலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடும் தாய்மார்கள் எந்த நாட்டில்தான் இல்லை?

இந்தியாவில் இப்படி வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தருவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 94, உயிருக்கு ஆபத்து போன்ற அவசரங்களில் பதிவு பெற்ற மருத்துவர் எவரும் 72 மணி நேரம் வரை மனநலச் சிகிச்சை தரலாம் என்கிறது. மருத்துவமனையில்தான் என்றில்லை, சமூகத்திலும் தரலாம். நோயாளி நியமித்த பிரதிநிதி உடனிருந்தால் அவரது சம்மதம் வேண்டும். மின் அதிர்ச்சி சிகிச்சை கூடாது. வீடு தேடிப் போவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

மாவட்டத்துக்கு ஒரு நெருக்கடிக் குழு, ராத்திரியிலும் கிளம்பி வர ஒரு வண்டி, ஆணும் பெண்ணுமாகப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் என்று சில மாவட்டங்களில் அரசு சோதித்துப் பார்க்கலாம். குடும்பத்தார்தான் நம் நாட்டில் முழுநேர நர்ஸ்; அவர்களுக்கு ஓய்வு தரும் ஏற்பாடும் அதில் சேர வேண்டும். இல்லையென்றால் செலவு மிச்சம் அரசுக்கு, சுமை அம்மாவுக்கு என்று முடிந்துவிடும்.

இப்போதைக்குக் கையில் இருப்பது டெலி-மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண்: 14416. இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், காரும் பொய்யும் ஏற்பாடு செய்வதற்கு முன் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தாமதிக்காமல் 108.