கடைசி இடத்திலிருந்து பாசடீனாவுக்கு

தொடர்ந்து 34 தோல்விகள். 1979 முதல் 1982 வரை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பட்ட அடி அது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல்நிலைப் பிரிவில் இவ்வளவு நீண்ட தோல்விக் கணக்கு வேறு எந்த அணிக்கும் இல்லை. 1981-ல் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 61-14 என்று தோற்று, அதுவரை இருந்த மோசமான சாதனையைத் தாண்டியபோது, மாணவர்களே மைதானத்தில் இறங்கிக் கோல் கம்பங்களைப் பிடுங்கிக் கூத்தாடினார்கள். இனி அழுது பயனில்லை என்று முடிவெடுத்தவர்களின் கொண்டாட்டம்!

பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதே அணி தன் கான்ஃபரன்ஸில் ஆடிய எட்டு ஆட்டங்களையும் ஜெயித்துச் சாம்பியன் ஆனது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் எத்தனையோ சீசன்கள் பேசப்படுகின்றன. ஒரு கான்ஃபரன்ஸ் என்பது எதற்காக இருக்கிறது என்பதை 1995-ம் ஆண்டின் நார்த்வெஸ்டர்ன் சீசனைப் போலத் தெளிவாகச் சொன்னது வேறில்லை.

அக்கம்பக்கத்துப் பகை

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் நாடு முழுவதற்கும் ஒரே லீக்காக ஆடுவதில்லை. அக்கம்பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கான்ஃபரன்ஸ்களை அமைத்துக்கொண்டன. சீசனின் பெரும்பாலான ஆட்டங்கள் அதற்குள்ளேயே நடக்கும். 1896-ல் உருவான பிக் டென் அவற்றில் மிகப் பழையது. நார்த்வெஸ்டர்ன் அதன் நிறுவன உறுப்பினர். 1995-ல் அதில் 11 பல்கலைக்கழகங்கள் இருந்தன. பத்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நடுவே நார்த்வெஸ்டர்ன் ஒன்றுதான் தனியார். சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக் கரையில் எவன்ஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது. படிப்பில் கெடுபிடி அதிகம், மாணவர் எண்ணிக்கை குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நார்த்வெஸ்டர்னின் அன்றைய டைக் மைதானத்தில் அதில் பாதிப் பேருக்குக்கூட இடம் இருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் கடைசியில் வரும் அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும். கான்ஃபரன்ஸில் அப்படித் தள்ளுவதில்லை. ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணியும் அடுத்த ஆண்டு அதே மிச்சிகனோடும் அதே அயோவாவோடும் மோதியாக வேண்டும். தப்பிக்கவும் முடியாது, தள்ளிவிடப்படவும் மாட்டாது. நார்த்வெஸ்டர்னுக்கு அது இருபது ஆண்டுக்கும் மேலான தண்டனையாக இருந்தது. 1971-க்குப் பிறகு தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமான சீசன் ஒன்றுகூட அதற்கு இல்லை. அந்தத் தண்டனைதான் பின்னால் வாய்ப்பாகவும் மாறியது.

பார்னெட்டின் வாக்கு

1991 கடைசியில் கொலராடோவிலிருந்து கேரி பார்னெட் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். கல்லூரியின் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றில் மைக்கைப் பிடித்து, இந்த ஊதாச் சட்டையை பாசடீனாவுக்குக் கொண்டு போகிறோம் என்று அறிவித்தார். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில்தான் ஆண்டுதோறும் புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் நடக்கும். அந்நாளில் பிக் டென் சாம்பியனும் பசிபிக் கரை கான்ஃபரன்ஸின் சாம்பியனும் மோதிய ஆட்டம் அது. நார்த்வெஸ்டர்ன் அங்கே கடைசியாக ஆடியது 1949-ல்.

அவருடைய முதல் மூன்று சீசன்களில் கிடைத்தவை 3, 2, 3 வெற்றிகள். 1994-ல் அதைவிடக் கேவலமான ஒன்றும் நடந்தது. அணியின் வீரர்கள் சிலர் சூதாட்டத்தில் இறங்கித் தங்கள் அணிக்கு எதிராகவே பணம் கட்டியிருந்தார்கள். இது வழக்காக வெளியே வந்தது 1998-ல்தான். தோல்வி பழகிப்போன இடத்தில் அதுவும் ஒரு வருமானமாகிவிடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

பார்னெட் மாற்ற முயன்றது அந்தப் பழக்கத்தைத்தான். ஆகஸ்ட் மாதம் அணியை ஊரைவிட்டுக் கிளப்பி, விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் முகாம் போட்டார். வெற்றியை எதிர்பாருங்கள் என்பதுதான் அங்கே பாடம். கேட்க எளிது. வெற்றியையே பார்க்காத இருபது வயதுப் பையன்களை அதை நம்ப வைப்பதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

சவுத் பெண்டில் ஒரு பிற்பகல்

1995 செப்டம்பர் 2-ம் தேதி சீசனின் முதல் ஆட்டம். எதிரணி நோட்டர் டேம். நாட்டின் தரவரிசையில் 9-ம் இடம், ஆட்டமும் அவர்களுடைய சவுத் பெண்ட் மைதானத்தில். நார்த்வெஸ்டர்ன் 28 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்பது பந்தயக்காரர்களின் கணிப்பு.

கடைசிக் கால் பகுதியில் நார்த்வெஸ்டர்ன் 17-9 என்று முன்னிலை. நோட்டர் டேம் ஒரு டச்டவுன் போட்டது, 17-15. சமன் செய்ய இன்னும் இரண்டு புள்ளிகள் வேண்டும். அதற்கான ஒற்றை முயற்சியில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ரான் பௌலஸ், தன் அணித் தோழரின் காலிலேயே இடறி விழுந்தார். அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். அடுத்து நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. நோட்டர் டேம் மறுபடி பந்தோடு முன்னேறியது. நான்காவது, அதாவது கடைசி முயற்சி; இரண்டு கஜம் கடந்தால் பந்து அவர்களிடமே இருக்கும். நார்த்வெஸ்டர்ன் தடுப்பு வரிசை அந்த இரண்டு கஜத்தைக் கொடுக்கவில்லை. அன்று டார்னெல் ஆட்ரி என்ற நாடகத்துறை மாணவர் பந்தைச் சுமந்து 160 கஜம் ஓடினார்.

ஜெயித்தால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடாதீர்கள், இதெல்லாம் நமக்கு வழக்கம் என்பதுபோல நடந்துகொள்ளுங்கள் என்று பார்னெட் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஒரு பயிற்சியாளர் கற்றுத்தந்தவற்றில் இதைப் பெரிய பாடமாக நினைக்கிறேன். தோளில் தூக்குவது அதிசயத்துக்கான மரியாதை. அதிசயம் அடுத்த வாரம் திரும்பி வராது.

ஆனாலும் அடுத்த ஆட்டத்திலேயே சறுக்கினார்கள். ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்திடம் 28-7 என்று முன்னால் இருந்து, 30-28 என்று தோற்றார்கள். ‘அவ்வளவுதான், பழைய நார்த்வெஸ்டர்ன்’ என்று சொல்ல எல்லோருக்கும் வசதியாகப் போனது. அன்று அவர்களைத் தோற்கடித்த பயிற்சியாளர் ராண்டி வாக்கரைத்தான் 1999-ல் நார்த்வெஸ்டர்ன் தன் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது.

எட்டுக்கு எட்டு

பிக் டென் ஆட்டங்கள் இண்டியானாவை 31-7 என்று வென்றதில் தொடங்கின. அக்டோபர் 7-ல் மிச்சிகனை அவர்களுடைய ஆன் ஆர்பர் மைதானத்திலேயே 19-13 என்று வென்றார்கள்; அந்த மைதானத்தில் 1959-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. அதில் நான்கு ஃபீல்ட் கோல்கள் சாம் வலென்சிசியின் காலிலிருந்து வந்தவை. மினசோட்டா 27-17, விஸ்கான்சின் 35-0, இல்லினாய் 17-14, பென் ஸ்டேட் 21-10 என்று வாரா வாரம் கணக்கு ஏறியது.

நவம்பர் 11-ல் அயோவா வந்தது. நார்த்வெஸ்டர்னை வரிசையாக 21 முறை வென்றிருந்த அணி. அன்று 31-20 என்று அந்தக் கணக்கும் தீர்ந்தது. ஆனால், தடுப்பின் முதுகெலும்பாக இருந்த லைன்பேக்கர் பாட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அந்த ஆட்டத்தில் கால் முறிந்தது. நாட்டின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருது அந்த ஆண்டு அவருக்குத்தான். அவர் இல்லாமலேயே அடுத்த வாரம் பர்டூவை 23-8 என்று சாய்த்தார்கள். 1936-க்குப் பிறகு முதல் பிக் டென் பட்டம் உறுதியானது.

பாசடீனா இன்னும் உறுதியாகவில்லை. 11 அணிகள், ஆளுக்கு எட்டு ஆட்டங்கள் என்பதால் எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அந்த ஆண்டு நார்த்வெஸ்டர்னும் ஒஹையோ ஸ்டேட்டும் மோதவே இல்லை. ஒஹையோ ஸ்டேட் ஒரு தோல்வியும் இல்லாமல் நாட்டில் 2-ம் இடத்தில் இருந்தது. மிச்சிகனோடு ஆட வேண்டிய கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தால் இரண்டு அணிகளும் 8-0. மயாமியிடம் கண்ட அந்த ஒரு தோல்வியால் நார்த்வெஸ்டர்ன் பின்தங்கும். ரோஸ் பௌல் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போகும்.

நவம்பர் 25. தாங்கள் தோற்கடித்த மிச்சிகனின் வெற்றிக்காக எவன்ஸ்டன் வேண்டிக்கொண்டது. மிச்சிகனின் டிஷிமாங்கா பியாகபுடூகா 313 கஜம் ஓடினார். 31-23 என்று மிச்சிகன் ஜெயித்தது. ஒரு கான்ஃபரன்ஸ் எப்படி இயங்குகிறது என்பது இங்கே முழுசாகப் புலப்படுகிறது. உன் ஆட்டம் முடிந்த பிறகும் உன் கணக்கு முடிவதில்லை. நீ வென்ற எதிரியின் பலமும் உன் பலத்தின் அளவுகோல்.

தோல்வியில் முடிந்த சீசன்

1996 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌலில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்சி) அணியிடம் நார்த்வெஸ்டர்ன் 41-32 என்று தோற்றது. இடைவேளையில் 24-10 என்று பின்தங்கியிருந்த அணி, கடைசிக் கால் பகுதியில் ஒரு கட்டத்தில் 32-31 என்று முந்தியது, தக்கவைக்க முடியவில்லை. இருந்தாலும் அந்த சீசனை யாரும் தோல்வியாக நினைப்பதில்லை. மறு ஆண்டும் பிக் டென் பட்டத்தை ஒஹையோ ஸ்டேட்டோடு பகிர்ந்துகொண்டு, முந்தைய ஆண்டு நடந்தது விபத்தல்ல என்று காட்டினார்கள்.

இன்று நிலைமை வேறு. தொலைக்காட்சிப் பணம் கான்ஃபரன்ஸ்களின் எல்லைகளை அழித்துவிட்டது. பிக் டென்னில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள். ரோஸ் பௌலில் எதிரே நின்ற யூஎஸ்சியும் 2024 முதல் அதில் ஒன்று. ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இதனால் லாபம் உண்டு. ஆனால், எந்த அணி எவ்வளவு சம்பாதித்துத் தருகிறது என்று எண்ணிப் பார்க்கும் காலத்தில், 34 முறை வரிசையாகத் தோற்ற ஒரு சின்னப் பல்கலைக்கழகத்துக்கு யார் இடம் வைத்திருப்பார்கள்? 1982-ல் நார்த்வெஸ்டர்னை வெளியே தள்ளியிருந்தால் 1995 நடந்திருக்காது. கடைசி இடத்தில் இருப்பவரையும் அடுத்த ஆண்டு ஆட அழைக்கும் லீக்குக்குத்தான் இப்படி ஒரு சாம்பியன் கிடைப்பார். அந்த அழைப்பை இழந்துவிட்டு எத்தனை கோடி டாலர் சம்பாதித்தாலும் அது நஷ்டக் கணக்குதான்.