புது மானிட்டர் மங்கலாகத் தெரிகிறதா? கடைக்குத் திரும்ப எடுத்துப் போகும் முன்...

"பணம் கொடுத்து ஃபிளாட் மானிட்டர் வாங்கினேன், பழைய குண்டு மானிட்டரே தேவலாம் போலிருக்கிறது." மொரப்பூரில் டைப்பிங், பிரிண்ட் அவுட் வேலை செய்துவரும் நான் பல வருடங்களாகக் கேட்டு வரும் புகார் இது. 2009-ல் என் மேஜையில் இருந்த 17 இஞ்ச் சிஆர்டி மானிட்டரை எடுத்துவிட்டு 18.5 இஞ்ச் எல்சிடி வைத்தபோது, கடைக்கு வந்தவர்களும் முதலில் இதையேதான் சொன்னார்கள். அன்று திரையில் இருந்தது 1024×768.

சிஆர்டி என்பது பிக்சர் டியூப். பின்னாலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை, கண்ணாடியின் உட்புறம் பூசிய பாஸ்பரில் கோடு கோடாகப் படத்தை வரைகிறது. 800×600 என்றாலும் 1024×768 என்றாலும் அதற்கேற்பக் கோடு போட்டுவிடும். ஃபிளாட் பேனல் அப்படி இல்லை. 18.5 இஞ்ச் பேனலில் குறுக்காக 1366, நெடுக்காக 768 புள்ளிகள் தொழிற்சாலையிலேயே அமைந்துவிட்டன. அதற்கு 1024×768 படத்தை அனுப்பினால், ஒரு புள்ளியை ஒன்றே கால் புள்ளிக்கும் மேல் இழுத்து நிரப்ப வேண்டும். வட்டம் முட்டையாகும், எழுத்து கலங்கும்.

ஆங்கிலத்தில் இதைச் சமாளித்துப் படித்துவிடலாம். தமிழில் அது நடக்காது. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி கரைந்துவிட்டால் 'கல்' எது, 'கல' எது? விண்ணப்பத்தில் ஒருவர் பெயர் இப்படித் தவறாகப் பிரிண்ட் ஆகிவிட்டால், அதைத் திருத்த அலைவது அவர்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' திறங்கள். 'டிஸ்பிளே ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெகமெண்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது விற்கும் பெரும்பாலான மானிட்டர்களில் அது 1920×1080.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சரியான ரெசல்யூஷன் வைத்ததும் எழுத்து பொடிசாகிவிடும். உடனே பெரிதாக்க வேண்டும் என்று ரெசல்யூஷனைக் குறைப்பார்கள், மறுபடி மங்கல்! ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். அதே பக்கத்தில் உள்ள 'ஸ்கேல்' என்பதை 125 சதவீதம் ஆக்குங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மையும் குறையாது. ஸ்டார்ட் மெனுவில் 'கிளியர்டைப்' என்று தேடி, கேட்கும் மாதிரிகளில் தெளிவானதை கிளிக் செய்துகொண்டே போனால் இன்னும் நன்றாக இருக்கும்.

'ரெகமெண்டட்' அளவே பட்டியலில் இல்லையா? மானிட்டரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் இன்ஸ்டால் ஆகாமல் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய சிபியு என்றால் இன்னொரு காரணமும் உண்டு. சில பழைய போர்டுகளுக்கு 8-ஆல் வகுபடும் அகலம்தான் வேண்டும்; 1366 வகுபடாது. அப்போது 1360×768 வையுங்கள், கிட்டத்தட்ட சரியாகிவிடும். நீல நிற விஜிஏ கேபிளில் இணைத்திருந்தால் மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். வாங்கப் போகும் முன்பே சிபியுவின் பின்புறம் விஜிஏ உள்ளதா, எச்டிஎம்ஐ உள்ளதா என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஒரு கேபிளுக்காக தர்மபுரிக்கு இன்னொரு முறை பஸ் ஏற வேண்டாம் பாருங்கள்.

சிஆர்டியில் கண் கூசாமலிருக்க ரெஃப்ரெஷ் ரேட்டை 85 ஹெர்ட்ஸ் வைப்போம். சாதாரண ஃபிளாட் மானிட்டருக்கு 60 போதும், சிமிட்டாது. பழைய 85-ஐ அப்படியே விட்டால் சில மானிட்டர்கள் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டி நின்றுவிடும்.

மாற்றியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் யுபிஎஸ்ஸில்தான். 2012-ல் சென்னைக்கு வெளியே தினமும் 10 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 17 இஞ்ச் சிஆர்டி சுமார் 70, 80 வாட்ஸ் இழுக்கும். 18.5 இஞ்ச் ஃபிளாட்டுக்கு 20 வாட்ஸ் அளவே போதும். கரண்ட் போன பிறகு டைப் செய்ததை சேவ் செய்து, பிரவுசரை மூடி, நிதானமாக ஷட் டவுன் செய்ய நேரம் கிடைத்தது.

துடைக்கும்போது கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை ஃபிளாட் திரையில் அடிக்காதீர்கள். லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணி போதும்.

பழைய மானிட்டரை என்ன செய்வது? செப்புக் கம்பிக்காக டியூபின் கழுத்தை உடைப்பவர்கள் உண்டு. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மானிட்டர் ஓடும்போது உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கலாம். எனவே வீட்டில் கழற்றிப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் விளையாடவும் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஊர் போன்ற இடத்தில், புதியது வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்வீர்களா, எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்பதுதான் சுலபமான வழி.

தூக்கும்போது திரைப் பக்கம் நெஞ்சோடு இருக்கட்டும். பாரம் முழுக்க அந்தப் பக்கம்தான்.