யாரை நம்பச் சொல்கிறது அந்த ஃபைல்?

சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குச் சேருகிறவருக்கு முதல் வாரத்திலேயே இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். படிவம், பஞ்சிங் கார்டு எல்லாம் வந்துவிடுகின்றன. கூடவே அவருடைய சொந்த செல்போனுக்கு சான்றிதழ் என்ற பெயரில் ஒரு சின்ன ஃபைலும் வருகிறது. கம்பெனி மெயிலைப் போனில் பார்க்க அது வேண்டுமாம். அனுப்பிய கையோடு சிஸ்டம் செக்‌ஷனிலிருந்து ஒரு தம்பி பேசுவார்: “சார், செட்டிங்ஸ்ல போய் அதை இன்ஸ்டால் பண்ணுங்க. நடுவுல வார்னிங் மாதிரி ஏதாவது வரும், கண்டுக்காம ஓகே கொடுத்துட்டே போங்க.” இரண்டு நிமிடத்தில் மெயில் வரத் தொடங்கிவிடும்.

கண்டுகொள்ளாமல் கடந்துபோன அந்த எச்சரிக்கையில் என்ன எழுதியிருக்கிறது? ஆண்ட்ராய்டு 11-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும், உங்கள் தகவல்கள் இனி அந்தரங்கமாக இருக்காது என்பதே அந்தத் திரையின் தலைப்பு. நீங்கள் போகும் இணையதளங்களில் தட்டுகிற பாஸ்வேர்டையும் கார்டு எண்ணையும் இந்தச் சான்றிதழின் உரிமையாளர் பார்க்க முடியும் என்று கீழே விளக்கமும் உண்டு. செல்போன் ஒன்று இவ்வளவு வெளிப்படையாக எச்சரிக்கும் இடங்கள் மிகக் குறைவு. அதைத்தான் படிக்காமல் தள்ளச் சொல்கிறார்கள்.

எல்லா ஃபைலும் ஆபத்தானது என்று இதற்குப் பொருளில்லை. சான்றிதழ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் வருகின்றன. ஒன்று, நீங்கள் யார் என்று கம்பெனியின் சர்வருக்குச் சொல்வது. பெயர் பெரும்பாலும் பி12 அல்லது பிஎஃப்எக்ஸ் என்று முடியும். திறக்க பாஸ்வேர்டு கேட்கும். உங்களுக்கென்றே உருவாக்கிய ரகசியச் சாவி உள்ளே இருக்கும். இது நல்ல ஏற்பாடு. மெயில் பாஸ்வேர்டை யாராவது திருடினாலும், அந்தச் சாவி இல்லாத போனிலிருந்து சர்வருக்குள் நுழைய முடியாது. மற்றொன்று ரூட் சான்றிதழ். அந்த எச்சரிக்கை வருவது இதற்குத்தான். இது உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தன்னை வெளியிட்டவர் இணையத்தில் யாருக்குச் சான்று கொடுத்தாலும் அதை நம்பு என்று உங்கள் போனுக்குக் கட்டளையிடுகிறது. தொழிற்சாலை கேட்டை வைத்துப் பார்த்தால், முதலாவது உங்களுடைய கேட் பாஸ். இரண்டாவதோ, இன்னார் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால் யாரையும் கேட்காமல் உள்ளே விடு என்று வாட்ச்மேனுக்குப் போடும் உத்தரவு.

அந்தக் கையெழுத்து தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்னணுச் சான்றிதழ்களுக்கெல்லாம் மேலே இருப்பவர், சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர். அவர் நிர்வகிக்கும் இந்திய ரூட்டின் கீழ், மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமான என்.ஐ.சி.யும் சான்றிதழ் வழங்கிவந்தது. 2014 ஜூலை 2-ஆம் தேதி, தன் இணைய முகவரிகளுக்கு யாரோ போலிச் சான்றிதழ் வைத்திருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. அவற்றை வெளியிட்டிருந்தது என்.ஐ.சி. மறுநாளே என்.ஐ.சி.யின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. சான்றிதழ் வழங்கும் நடைமுறைக்குள் யாரோ ஊடுருவிவிட்டார்கள், நான்கு சான்றிதழ்கள்தான் தவறாக வெளியாயின, மூன்று கூகுளுக்கு, ஒன்று யாகூவுக்கு என்று கட்டுப்பாட்டாளர் தரப்பு தெரிவித்தது. அந்த நான்கில் சேராத போலிகளையும் தாங்கள் பார்த்திருப்பதாகக் கூகுள் பதில் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது, யார் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தார்கள் என்பது. இந்திய ரூட் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தது. ஆகவே விண்டோஸ் கணினிகளில் அந்தப் பட்டியலை நம்பிய பெரும்பாலான புரோகிராம்கள் அந்தப் போலிகளையும் அசலென்றே ஏற்றிருக்கும். ஆண்ட்ராய்டு, ஐபோன், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றின் பட்டியலில் அது இல்லை, அவை தப்பின. யாரை நம்புவது என்ற அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். அதன் பிறகு குரோம் பிரவுசரில் இந்திய ரூட்டின் அதிகாரத்தை ஜிஓவி.இன், என்ஐசி.இன், ஏசி.இன், ரிசர்வ் வங்கி உள்ளிட்ட ஏழு முகவரிகளுக்குள் அடக்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. ஒரு அரசின் அமைப்பே, சட்டத்தின் மேற்பார்வையில் இருந்தும், தன் கையெழுத்தைக் காக்கத் தவறியிருக்கிறது. முப்பது பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டில், ஏ.சி. அறையின் மூலையில் இருக்கும் பழைய சர்வரில் கிடக்கும் ரூட் சாவியை யார் காப்பார்கள்?

செல்போன் நிறுவனங்கள் இந்த வாசலை ஆண்டுக்கு ஆண்டு இறுக்கிக்கொண்டே வந்ததற்கும் காரணம் இதுதான். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் தானே சேர்த்த ரூட்டை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. குரோம் பிரவுசரைப் போலத் தனியாக அனுமதித்த ஆப்கள் மட்டும் நம்புகின்றன. 2017-இல் ஐஓஎஸ் 10.3 வந்தபின், ஐபோனில் சான்றிதழை நிறுவினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் தனியாகப் போய் அதை நம்பு என்று ஒரு ஸ்விட்ச்சைத் திருப்ப வேண்டும். 2019-இல் கஜகஸ்தான் அரசு, குடிமக்கள் தன்னுடைய ரூட் சான்றிதழைப் போனில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னபோது, கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் தங்கள் பிரவுசர்களில் அதைத் தடுத்துவிட்டன.

நம் எஸ்டேட்காரர்களுக்குச் சான்றிதழ் புதிதல்ல. பாடியிலிருந்து ஆவடிவரை லேத் வைத்திருப்பவர், பிரஸ் வைத்திருப்பவர், கவச வாகனத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து தருபவர் என்று டெண்டர் போடும் எவரிடமும் டி.எஸ்.சி. எனும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் டோக்கன் இருக்கிறது. பென்டிரைவ் போன்ற அந்தச் சின்னப் பொருளுக்குள் இருப்பதும் ரகசியச் சாவிதான். அதைக் கொண்டு போடும் கையெழுத்துக்கு, மையால் போட்ட கையெழுத்தின் மதிப்பைச் சட்டம் கொடுக்கிறது. சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்றும், அது கைமாறிவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் எத்தனையோ முதலாளிகளின் டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், பின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டோடு கிடக்கிறது. கையெழுத்தை இப்படி ஒப்படைத்துப் பழகிய கைதான் போனிலும் ஓகே கொடுத்துக்கொண்டே போகிறது.

சரி, கம்பெனிகள் ஏன் ரூட் சான்றிதழை அனுப்புகின்றன? பெரும்பாலும் பழைய சிக்கனம்தான் காரணம். சொந்த மெயில் சர்வருக்குக் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்காமல், தாமே ஒன்றைத் தயாரித்துக்கொண்டார்கள். உலகத்தில் யாரும் அதை நம்பாததால், ஒவ்வொரு ஊழியரின் போனையும் நம்பச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015-இன் கடைசியிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. மிகப் பழையவை தவிர எல்லாப் போனும் அதை ஏற்கும். இவ்வளவு ஆண்டுகள் கழிந்தும், காசில்லை என்று சொல்லி ஊழியரின் அந்தரங்கத்தை அடகு கேட்பதை நான் ஏற்கமாட்டேன். மெயிலைக் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ சோஹோவிடமோ கொடுத்துவிட்ட கம்பெனிக்கு, மெயிலுக்காக ரூட் கேட்கும் தேவையே இல்லை.

உண்மையாகவே தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆபீஸ் வைஃபையில் சான்றிதழ் கொண்டு நுழைவது, கம்பெனிக்கு உள்ளே மட்டும் இயங்கும் பக்கங்கள், வைரஸைப் பிடிக்க இணையப் போக்குவரத்தைத் திறந்து பார்க்கும் பெரிய நிறுவனங்களின் ஏற்பாடு. கம்பெனி வாங்கிக் கொடுத்த கணினியிலும் போனிலும் இதைச் செய்வது அவர்கள் உரிமை. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஊழியர் தவணை கட்டி வாங்கிய போனில் செய்ய வேண்டுமானால் அதற்கு வழி 2014 முதலே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 5-இல் வந்த வொர்க் புரொஃபைல், ஒரே போனுக்குள் அலுவலகத்துக்குத் தனி அறை ஒதுக்குகிறது. அலுவலக ஆப்களின் ஐகானில் சிறு பெட்டிச் சின்னம் தெரியும். கம்பெனியின் சான்றிதழ் அந்த அறைக்குள் மட்டும் செல்லும்; உங்கள் குடும்பப் படங்களும் பிரவுசரும் அதற்கு வெளியே. வேலையை விட்டால் அந்த அறையை மட்டும் அழித்தால் போதும். சில பழைய முறைகளில், கம்பெனி மெயிலைச் சேர்த்ததுமே முழுப் போனையும் தொலைவிலிருந்து அழிக்கும் அதிகாரமும் கைமாறுகிறது. சேர்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை அந்தரங்கம் மட்டுமல்ல, பழக்கமும்தான். எஸ்டேட்டின் வியாபாரம் மெயிலில் நடக்கிறது. கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான். எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள் என்று இரும்பு சப்ளையர் பெயரில் வரும் போலி மெயில், ஒரு சின்னக் கம்பெனியின் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். மோசடிக்காரனும் அதே தம்பியின் குரலில்தான் பேசுவான். வார்னிங் வரும், கண்டுக்காதீங்க என்பான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கலாம். ஆனால் எச்சரிக்கையை மதிக்காதே என்று ஊழியருக்குப் பாடம் எடுத்தது கம்பெனியே அல்லவா?

உங்கள் போனில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் ட்ரஸ்டட் க்ரெடென்ஷியல்ஸ் என்று தேடி, அதில் யூசர் என்ற பகுதியைத் திறங்கள். அங்கே இருப்பவை போனோடு வந்தவை அல்ல. பிறகு யாரோ சேர்த்தவை. ஐபோனில் ஜெனரல், அபவுட், அதன் அடியில் சர்டிஃபிகேட் ட்ரஸ்ட் செட்டிங்ஸ். முந்தைய கம்பெனியின் பெயர் இன்னும் அங்கே இருந்தால் நீக்கிவிடலாம். இப்போதைய கம்பெனியின் பெயர் இருந்தால், எதற்காக என்று சிஸ்டம் செக்‌ஷனைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பட்டரவாக்கத்திலோ பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலோ போன் தொலைந்தால், சிம்மை முடக்கும் கையோடு கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும். பாஸ்வேர்டை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. உங்கள் அடையாளச் சான்றிதழை அவர்கள் ரத்து செய்யும்வரை, திருடு போன போன் சர்வருக்கு நீங்களாகவே தெரியும். ரத்து செய்யும் ஏற்பாடு தங்களிடம் இருக்கிறதா என்பதே தெரியாமல் சான்றிதழ் வழங்கும் கம்பெனிகள், அடுத்த ஃபைலை அனுப்புவதற்கு முன் அதைச் செய்து முடிக்கட்டும்.