குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா

குளிர்கால ஒலிம்பிக் என்பது பனியிலும் பனிக்கட்டியிலும் ஆடப்படும் விளையாட்டுகளுக்காக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பன்னாட்டுப் போட்டியாகும். இந்தியா 1964 முதல் இதில் பங்கேற்று வந்தாலும் இதுவரை பதக்கம் எதுவும் பெறவில்லை.

போட்டிகளின் வளர்ச்சி

முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924-இல் பிரான்சின் சமோனியில் நடைபெற்றது. 16 பதக்கப் பிரிவுகள் மட்டுமே இருந்தன; பெண்களுக்கு அழகுச் சறுக்காட்டத்தில் மட்டுமே இடமிருந்தது. மலைச்சரிவுப் பனிச்சறுக்கு 1936-இலும், லூஜ் எனப்படும் சறுக்குவண்டிப் போட்டி 1964-இலும், பெண்கள் ஐஸ் ஹாக்கி 1998-இலும் சேர்க்கப்பட்டன. 1992 வரை கோடைக்கால ஒலிம்பிக் நடந்த ஆண்டிலேயே இதுவும் நடைபெற்றது. 1994 முதல் இரண்டுக்கும் இடையே ஈராண்டு இடைவெளி விடப்படுகிறது. 2026 போட்டியில் பதக்கப் பிரிவுகள் 116 ஆக உயர்ந்தன.

இயற்கைப் பனியை மட்டும் நம்பியிருந்த நிலையும் மாறியது. 1980-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் முதன்முறையாகச் செயற்கைப் பனி பயன்படுத்தப்பட்டது. உறைநிலைக்கு ஒட்டிய குளிரில், நீரை அழுத்தப்பட்ட காற்றுடன் நுண்துளிகளாகப் பீய்ச்சினால் அவை தரையில் விழுமுன் உறைந்து பனியாகின்றன. 2022 பெய்சிங் போட்டி ஏறத்தாழ முழுவதும் இத்தகைய பனியிலேயே நடந்தது.

இந்தியாவின் பங்கேற்பு

போலந்து வம்சாவளியினரான ஜெரிமி புஜகோவ்ஸ்கி 1964-இலும் 1968-இலும் இந்தியாவின் சார்பில் மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார். 1988 கால்கரி போட்டியில் பங்கேற்ற சைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் ஆவார்.

மணாலியைச் சேர்ந்த சிவ கேசவன் 1998 நகானோ போட்டியில் 16 வயதில் லூஜ் பிரிவில் பங்கேற்றார். 1998-இலும் 2002-இலும் இந்திய அணி என்பது அவர் ஒருவரே. இந்தியாவில் லூஜ் தடம் இல்லாததால், வண்டியில் சக்கரம் பொருத்தி இமாலய மலைச்சாலைகளில் பயிற்சி செய்தார். 2018 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார்.

இந்திய ஒலிம்பிக் சங்கம் தேர்தல் சிக்கலால் 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டதால், 2014 சோச்சி தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் ஒலிம்பிக் கொடியின்கீழ் அணிவகுத்தனர். கேசவன் அக்கொடியின்கீழேயே போட்டியிட்டார். பிப்ரவரி 11 அன்று தடை நீங்கியது. அதன்பின் களமிறங்கிய இருவர் இந்திய வீரர்களாகவே பங்கேற்றனர்.

2022-இல் காசுமீரின் ஆரிப் கான் மட்டுமே இந்தியாவின் சார்பில் போட்டியிட்டு, பெருவளைவுச் சறுக்கில் 45-ஆம் இடம் பெற்றார்.

உள்நாட்டுக் கட்டமைப்பு

குல்மார்க், அவுலி ஆகியவை நாட்டின் முதன்மைப் பனிச்சறுக்கு மையங்கள். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டப்பட்ட பனிக்கட்டி அரங்கு பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2025-இல் மீண்டும் திறக்கப்பட்டது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020 முதல் நடத்தப்படுகின்றன. உறைந்த குளங்களில் ஆடிப் பழகிய லடாக் வீராங்கனைகளைப் பெரும்பான்மையாகக் கொண்ட பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி, 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

பனிக் குறைவு

2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் போதிய பனி இல்லாததால் மார்ச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டன. செயற்கைப் பனிக்குக் குளிருடன் ஏராளமான நீரும் மின்சாரமும் தேவை. செல்வ நாடுகள் பனிக் குறைவை இயந்திரங்களால் ஈடுசெய்கின்றன. இயற்கைப் பனியை நம்பியிருக்கும் இந்திய வீரர்களுக்கோ பயிற்சிக் காலமே சுருங்குகிறது.