மருந்து அளக்கும் கை

நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்த துப்பாக்கி, காடாம்புலியூர் முந்திரித் தோப்பு ஓரமாக நடந்துபோன ஒரு நரிக்குறவரின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கௌதாரி கத்தும் விடிகாலை. அவர் புளியமரத்தடியில் உட்கார்ந்து மருந்து கெட்டிப்பதை நாங்கள் நான்கைந்து பையன்கள் சுற்றி நின்று பார்த்தோம். டப்பாவிலிருந்து கருமருந்தை ஒரு சின்ன மூடியில் ஊற்றினார். குவியலாக நின்றதை விரலால் தலைதட்டினார். குழல் வாயில் கவிழ்த்து, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்தார். பிறகு பால்ரஸ், மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில்தான் கேப்பு.

"இன்னும் ரெண்டு மூடி போட்டா தூரமா போவுமா?" என்று எங்களில் ஒருவன் கேட்டான்.

"குண்டு போவாது தம்பி, என் மூஞ்சிதான் போவும்" என்று சிரித்தார்.

உலகத்தின் பல மூலைகளில் வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களும் தராசும் அச்சும் வைத்துக்கொண்டு செய்யும் ஒரு கைத்தொழிலின் முதல் பாடம் அந்தப் பதில்தான். தோட்டாவைக் கடையில் வாங்காமல், தன் ரைஃபிளுக்கு ஏற்றபடி தானே மருந்து அளந்து கட்டிக்கொள்வது அந்தத் தொழில். அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது பரவலான பொழுதுபோக்கு. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். வேட்டைக்கோ 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. ஆகவே இது செய்முறைக் குறிப்பு அல்ல. ஒரு சிட்டிகை மருந்துக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மருந்து என்றால் வெடிப்பது என்று நினைக்கிறோம். துப்பாக்கிக்குள் அது வெடிக்கக் கூடாது, எரிய வேண்டும். இந்த வித்தியாசம் நெய்வேலிக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் அரம்போல் கடினமானது. ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கர இயந்திரங்களின் வாளிப் பற்களையே அது தேய்த்துத் தள்ளியது. அதனால் துளை போட்டு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டுத்தான் இயந்திரத்தை விடுகிறார்கள். அங்கே வைக்கும் வெடிபொருளுக்குள் அதிர்வலை நொடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தொட்டதை நொறுக்குவதே அதன் வேலை. அதைத் துப்பாக்கிக் குழலில் வைத்தால் குண்டு நகரும் முன்பே குழல் பிளந்துவிடும். துப்பாக்கி மருந்து அடுப்பு விறகுபோல் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிந்து, வாயுவாகி, குண்டின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மொத்தமும் நடந்து முடிய ஒரு நொடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்.

அந்த நேரத்துக்குள் ஒரு விஷச் சுழற்சி ஒளிந்திருக்கிறது. நவீன மருந்து எரிய எரிய அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் வேகமாக எரியும். எனவே மருந்தைச் சிறிது கூட்டினால் குண்டின் வேகம் கொஞ்சம்தான் கூடும், அழுத்தமோ அதைவிட நிறையக் கூடும். கார் டயருக்கு 30 பவுண்டுக்குச் சற்று மேல் காற்று அடிக்கிறோம். 'தேர்ட்டி நாட் சிக்ஸ்' என்று வேட்டைக்காரர்கள் சொல்லும், 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் அதே கணக்கில் 60,000. சுடுபவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அது நிகழ்கிறது.

பழைய கருமருந்துக்கு இவ்வளவு கோபம் கிடையாது. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அந்தக் கலவை எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் புகையாகவும் கசடாகவும் போகிறது. அதனால்தான் நாட்டுத் துப்பாக்கி சுட்டால் தோப்பே மூடிக்கொள்ளும். கழுவாமல் வைத்தால் குழல் துருப்பிடிக்கும். அழுத்தத்தைப் பொறுத்து அதன் எரிவேகம் அவ்வளவாகத் துள்ளாது என்பதால் மூடியால் தலைதட்டி அளப்பதே போதுமானது. ஆனால் குண்டு மருந்தின் மேல் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். நடுவில் காலி இடம் விட்டால் குழல் அந்த இடத்தில் வளையம்போல் வீங்கும், சமயத்தில் பிளக்கும். அந்த நரிக்குறவர் அத்தனை இடி இடித்தது அதற்காகத்தான். அதே குழலில் புதுவகைப் புகையில்லா மருந்தைப் போட்டுச் சுட்டுக் கையை இழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

புகையில்லா மருந்தை 1884-இல் பிரான்ஸில் பால் வியே உருவாக்கினார். ஐந்து ஆண்டுகள் கழித்து பிரிட்டனில் ஏபலும் டிவாரும் கார்டைட்டைக் கொண்டுவந்தார்கள். நைட்ரோகிளிசரினும் பஞ்சுமருந்தும் கொஞ்சம் வாசலீனும் சேர்த்து, அசிட்டோனில் குழைத்து, இடியாப்பம் பிழிவதுபோல் இழையாகப் பிழிந்தெடுத்தது அது. இந்தியாவுக்கான கார்டைட்டைச் செய்ய பிரிட்டிஷார் தேர்ந்த இடம் நீலகிரி. குன்னூருக்குப் பக்கத்தில் அரவங்காடு தொழிற்சாலை 1904 முதல் இயங்கிவருகிறது. அதற்கு மின்சாரம் தரவே காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். ஊட்டி ரயிலில் போகிறவர்கள் அரவங்காடு ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

பிரிட்டிஷ் ராணுவத்தின் 'த்ரீ நாட் த்ரீ' தோட்டாவில் அந்த கார்டைட் இழைகளைக் கட்டாக நுழைக்க முடியாது, கழுத்து குறுகல். ஆகையால் முதலில் நேரான பித்தளைக் கூட்டில் கார்டைட்டை வைத்துவிட்டு, அப்புறம்தான் கழுத்தைச் சுருக்கினார்கள். இது எனக்குப் பிடித்த தகவல். கையால் மருந்து கட்டுகிறவருக்கு இங்கே வேலையே இல்லை என்பதைக் கூட்டின் வடிவமே சொல்லிவிடுகிறது. மருந்து சிறு மணிகளாகவும் குச்சிகளாகவும் வந்த பிறகுதான், கழுத்து வழியாக ஊற்றி அளக்கும் கைத்தொழில் ரைஃபிளில் நன்றாக வேர்விட்டது. மணியின் உருவத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் இழை எரிய எரிய மெலியும், எரியும் பரப்பு குறையும். நடுவில் ஓட்டை போட்டால் வெளியே குறைவது உள்ளே கூடிச் சரியாகிவிடும். பல ஓட்டைகள் போட்டால் பரப்பு கூடிக்கொண்டே போகும். முறுக்கு அச்சை மாற்றுவதுபோல் அச்சை மாற்றியே எரிவேகத்தை மாற்றுகிறார்கள்.

சரி, மேசைக்கு வருவோம். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு கையில் இருக்கிறது. ஏழு பங்கு செம்பு, மூன்று பங்கு துத்தநாகம். சுடும்போது அது வீங்கி அறைச் சுவரை ஒட்டிக்கொண்டு வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது; அடுத்த கணம் சற்றுச் சுருங்கி வெளியே வர வழிவிடுகிறது. வேறெந்த உலோகமும் இதை இவ்வளவு நளினமாகச் செய்வதில்லை என்பது என் அபிப்பிராயம். கைத்தொழில்காரர் அந்தக் கூட்டை எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார், செத்த பிரைமரை, அதாவது மருந்துக்குத் தீ வைக்கும் கேப்பை, தள்ளிவிட்டுப் புதிது பொருத்துவார், நீண்டுபோன கழுத்தை வெட்டுவார், மருந்து ஊற்றுவார், குண்டை உட்கார வைப்பார். பித்தளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விறைத்துப்போகும். ஒருநாள் கழுத்தில் மயிரிழையாய் விரிசல் விடும். அதைக் காணாமல் விட்டவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

எடையை அவர்கள் 'கிரெய்ன்' என்று சொல்கிறார்கள். ஒரு தானிய மணியிலிருந்து வந்த அளவு. நம் ஆசாரிகளின் குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன். தேர்ட்டி நாட் சிக்ஸுக்குள் 50 கிரெய்னுக்கு அக்கம்பக்கமான மருந்து போகிறது, அதாவது இருபத்தைந்து குன்றிமணி. அதைக் கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துகிறார்கள். குன்றிமணியை இருபது கூறு போட்டு ஒரு கூறு! பட்டறையில் காற்றாடியை நிறுத்திவிட்டுத் தங்கம் நிறுக்கும் ஆசாரிக்கு இந்த மேசை அந்நியமாக இருக்காது.

அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மருந்து செய்யும் நிறுவனம் சோதித்து வெளியிட்ட அட்டவணையில் உச்ச அளவு இருக்கும். அதிலிருந்து ஏறத்தாழ பத்து சதவீதம் கீழே தொடங்கி, படிப்படியாக ஏறுவார்கள். ஒவ்வொரு படியிலும் சில தோட்டாக்கள் சுட்டு, வேகமானியில் வேகத்தைக் குறித்து, பிரைமரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஓரம் உருண்டையாக இருந்தால் நல்லது; தட்டையாக நசுங்கியிருந்தாலோ, ரைஃபிளின் போல்ட் தூக்க வராமல் இறுகினாலோ, அங்கேயே நிறுத்திப் பின்வாங்க வேண்டும். குண்டை இறக்கும் ஆழம் மாறினாலே அழுத்தமும் மாறும். பிரைமரின் பிராண்டை மாற்றினால்கூடக் கணக்கு மாறும். அதனால் எதை மாற்றினாலும் ஏணியின் கீழ்ப்படிக்கே இறங்குவது வழக்கம்.

விசித்திரம் என்னவென்றால், மிகத் துல்லியமாகச் சுடும் அளவு பெரும்பாலும் உச்சத்தில் இருப்பதில்லை. குழல் சுடும்போது அடித்த கம்பிபோல் அதிர்கிறது. எல்லாக் குண்டும் ஒரே வேகத்தில் போனால் எல்லாமே அதிர்வின் ஒரே கட்டத்தில் வாயைத் தாண்டும். ஒரே இடத்தில் அடிக்கும். அவர்கள் தேடுவது இந்த ஒருசீர்மையைத்தான்.

இதில் நம் வெயிலுக்கும் பங்குண்டு. சூடான மருந்து வேகமாக எரியும். இங்கிலாந்தின் குளிரில் நிதானமாக இருந்த கார்டைட் இந்திய, ஆப்பிரிக்க வெயிலில் துள்ளியது. யானைத் துப்பாக்கித் தோட்டாக்களுக்கு மருந்தைக் குறைத்து 'வெப்பநாட்டுத் தோட்டா' என்று தனியாகவே கட்டினார்கள். சேலம், தர்மபுரிக் காடுகளில் வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டருடன் அலைந்த காலத்திலும் தோட்டாப் பெட்டியை நிழலில் வைப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம். இன்றைய மருந்துகளில் சில வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாதபடி செய்யப்படுகின்றன. அசையவே அசையாது என்று எதற்கும் உத்தரவாதமில்லை.

கவனமான கைத்தொழில்காரரின் நோட்டில் மருந்து, குண்டு, பிரைமர், வேகம் என்ற கட்டங்களோடு வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் இருக்கும். மார்கழிப் பனியில் பிரமாதமாகச் சுட்ட அளவுக்கு எதிரே அன்றைய டிகிரி எழுதியிருக்கும். அக்னி நட்சத்திரத்தில், மூடிய காரின் முன்கண்ணாடி அடியில் 60 டிகிரியைத் தாண்டிக் கிடந்த தோட்டாவை அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் அவர் அறைக்குள் தள்ளமாட்டார்.